படம் வாசிக்கும் பீரியட்

ஏளா, இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்று மூன்றாம் பீரியடில் புரொஜெக்டரைப் போட்டேன். மூன்று மாதமாக உறைக்குள் கிடந்த மிஷின். சூடேறியதும் அந்தப் புழுதி கருகும் வாசனை ஏழாம் வகுப்பு முழுக்கப் பரவியது. "நம்ம சயின்ஸ் மிஸ் வாசம்லா!" என்றது கடைசி பெஞ்சு. உண்மைதான். உன்மேல் பவுடரைவிட இந்த வாசனைதான் அதிகம் அடிக்கும்.

நீ முதன்முதலில் இந்தப் பீரியடைக் கேட்டு வாங்கியபோது நான் எவ்வளவு கேலி செய்தேன்! படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பா, சினிமாக் கொட்டகை வைக்கப் போகிறாயா என்றேன். நான் ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் தமிழ் டீச்சர். எனக்கு எழுத்துதான் எல்லாம். நீ கோபப்படவில்லை. "நீ எழுத்து சொல்லிக் குடு, நான் கண்ணு சொல்லிக் குடுக்கேன். இந்தப் பிள்ளைய கையில போன் வந்தாச்சு, ரெண்டும் வேணும்ளா" என்றாய்.

உன் முறை எளிமையானது. சுவரில் விழும் படத்தின் கீழே இருக்கும் வரிகளை அட்டையால் மறைத்துவிட்டு, தெரிவதை மட்டும் சொல்லச் சொல்வாய். பிறகு படத்தை மறைத்து வரிகளை மட்டும் வாசிக்கச் சொல்வாய். கடைசியில்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அனுமதி. பிள்ளைகள் டேப்லெட்டில் படத்தை விரித்து விரித்து மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். உப்பளத்துப் படமென்றால் நிழலை வைத்து நேரம் சொல்வார்கள், துறைமுகத்துப் படமென்றால் கொடியை வைத்துக் காற்று எந்தப் பக்கம் என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. கவிழ்ந்த வள்ளத்தின் படம் ஒன்று என் போனுக்கு வந்தது. 'இன்று காலை புன்னைக்காயல் கடலில்' என்று கீழே எழுதியிருந்தது. உன் ஊராயிற்றே! பதறிப்போய் அதை அப்படியே பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டேன். ஒரு பிள்ளையின் அப்பா கப்பலில் வேலை செய்பவர், கிழமை மறந்து கடலில் திரிகிறவர், எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறார். அவர் தம்பிக்கு உன் ஊரில் வள்ளம் இருக்கிறது. தம்பியோ அந்நேரம் வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் நீ அந்தப் படத்தையே சுவரில் போட்டாய். அனுப்பியவர் பெயரை மட்டும் அழித்திருந்தாய். நான் பின்னால் நோட்டுத் திருத்துகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தை மறைத்ததும் ஜெனிபர் எழுந்தாள். "மிஸ், முன்பக்கம் அணியத்துல என்னமோ எழுதிருக்கு. மலையாள எழுத்துல்லா! இது நம்ம வள்ளமே இல்ல."

அட்டையை எடுத்து வரியைக் காட்டினாய். வகுப்பே கத்தியது. "நேத்து ஞாயிறு மிஸ்! பூசைக்குப் போவாம எவன் கடலுக்குப் போவான்?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை இருப்பதால் உங்கள் கரையில் வள்ளம் இறங்காது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான், ஆனால் அன்று தோன்றவில்லை. அதைவிட வெட்கம், தமிழ் டீச்சரான நான் படத்துக்குள் இருந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை.

"எந்தக் கிறுக்கு மிஸ் இத அனுப்புச்சு?" என்று ஒருவன் கேட்டான். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுத்திருக்கமாட்டாய். எழுந்து நின்று, "நான்தான்" என்றேன். கூரை பிய்கிற மாதிரி சிரிப்பு. "கிறுக்கெல்லாம் இல்லடே, கையி முந்திட்டு, கண்ணு பிந்திட்டு. அம்புட்டுதான்" என்றாய். அதற்குப் பிறகு எல்லா வாரமும் பின்பெஞ்சில் உட்கார்ந்து நானும் உன்னிடம் படித்தேன்.

நீ போனதும் அந்தப் பீரியடைக் கணக்கு சாருக்குத் தூக்கிக் கொடுத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகவே கொடுத்தேன். உன் கண் எனக்குக் கிடையாது, உன் வகுப்பை எடுத்துக் கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். பிள்ளைகள் நச்சரித்ததால்தான் இன்று ஒரே ஒரு நாளைக்கென்று சாரிடம் கேட்டு வாங்கினேன். படம் நாங்களே கொண்டுவருவோம் என்றார்கள். சரியென்றேன்.

சுவரில் விழுந்தது உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பஸ் நிறுத்தத்துச் சுவரிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன், ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஜெனிபர் அட்டையால் எழுத்தை மறைத்துவிட்டாள். வகுப்பு ஆரம்பித்துவிட்டது, ஏளா! என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிட்டது!

"மிஸ் சிரிக்காவ."

"கேமராவப் பாக்கல, பக்கத்துல யாரையோ பாக்காவ."

"தோள்ல ஒரு கையி இருக்கு. கூட நின்ன ஆள வெட்டிட்டாவ."

"வாட்ச் வார் பூட்டு மேல தெரியுது. அப்போ வாட்ச்ச உள்பக்கமா கட்டுத ஆளு."

ஜெனிபர் சுவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தாள். "மிஸ், அது ஒங்க கையி."

ஆமென்று தலையை ஆட்டினேன். உடனே இன்னொருத்தி குதித்து எழுந்தாள். "அப்போ அவிய ஒங்களப் பாத்துதான் சிரிக்காவ!"

அழுதேன், ஏளா, வகுப்பிலேயே. அழுதுகொண்டே அட்டையை எடுத்துவிட்டு, "எழுத்து கண்ணீருங்குது, படம் சிரிக்குது. எத நம்ப?" என்று கேட்டுவிட்டேன். நான் கேட்ட கேள்வி! ஆளுக்கொரு பதில், பெஞ்சுமேல் ஏறாத குறை. மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. கணக்கு சார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அடங்கினார்கள்.

"முடிஞ்சுதா டீச்சர்? அடுத்த வாரத்துல இருந்து நான் எடுத்துக்கிடவா, அவிய பீரியட?"

"இல்ல சார், இனி அது என் பீரியட்" என்றேன்.