வருந்துகிறோம் என்று போட்ட வாரம்

அக்கா,

நம் வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்புகளை நேற்று பீரோவிலிருந்து இறக்கினேன். அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. அச்சகத்துக்குக் கிளம்பும்போது உங்கள் புடவையிலும் இதே நெடி இருக்கும்.

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. பத்திரிகையின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி உங்கள் மகன் கேட்டிருக்கிறான். "அம்மா யாருக்கும் பணிஞ்சதில்லைன்னு கண்டிப்பா எழுதுங்க சித்தி" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. உங்கள் மாமனார் மயிலாடுதுறையில் ஈய எழுத்துகளைக் கோத்து ஆரம்பித்தது, சென்னைப் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளையும் சாவுச் செய்தியையும் பஸ் நேரத்தையும் போட்டே வீடுவீடாக நுழைந்தது, கணவர் இறந்த பிறகு நீங்கள் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தது. எழுதிக்கொண்டே வந்தவள் அந்த வாரத்தில் நின்றுவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய நிலக்காரர் ஒருவர் மதகை அடைத்துத் தன் வயலுக்கு மட்டும் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார். வாய்க்கால் முடியும் கடைமடையில் நட்ட பயிர் கருகத் தொடங்கியது. நிருபராக நான் போய் மதகைப் படம் எடுத்தேன். கடைமடை விவசாயி வீரையன் நிலக்காரர் பேரைச் சொல்லியே பேசினார். நீங்கள் அதை முதல் பக்கத்தில் போட்டீர்கள். அடுத்த வாரமே, அதே இடத்தில், செய்தி தவறானது, வருந்துகிறோம் என்று வந்தது. ஏன் என்று கேட்டேன். "போட்டாச்சு. விடு" என்றீர்கள். அதன் பிறகும் உங்களோடு வருஷக்கணக்காக வேலை பார்த்தேன். நீங்களும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

போன வாரம் வீரையனைத் தேடிப் போனேன். வயசாகிவிட்டது, ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டார். மறுப்புப் போட்டால் மதகைத் திறப்பதாக நிலக்காரர் சொல்லி அனுப்பினாராம். அதனால் இவரே உங்களிடம் வந்து கெஞ்சினாராம். "பயிரு முக்கியமா, பேப்பரு முக்கியமான்னு கேட்டேம்மா. அக்கா பதிலே சொல்லல" என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. இவர்களுக்காகத்தான் தலை குனிந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

பஸ்ஸுக்கு வழிகாட்ட அவர் மனைவி மலர்க்கொடி கூட வந்தார். வரப்பில் நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அவரு வந்து அழுதது நெசந்தாங்க. நானும் கூட நின்னேன். ஆனா அப்பவே அக்கா கையில வருந்துறோம்னு அச்சடிச்ச பேப்பரு இருந்துச்சு."

தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். வந்தது, அந்த வருஷம் விளைந்தது என்றார்.

அப்படியானால் இவர்கள் கேட்பதற்கு முன்பே போட்டுவிட்டீர்கள். நிலக்காரர் உங்களை மிரட்டினாரா? பயந்தீர்களா? இல்லை, இவர்கள் வந்து கெஞ்சும்படி ஆகிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டீர்களா? ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் மற்றது. வரப்பில் சொன்ன அந்த அம்மாவுக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்குமோ என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் தெரிந்ததை மட்டும் எழுதினேன். உண்மையான ஒரு செய்தியை நம் பத்திரிகை ஒரு முறை மறுத்தது, அதன் பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போனது, ஆசிரியர் காரணம் சொல்லவில்லை. உங்கள் மகன் இரண்டு தடவை படித்தான். "இது வேணுமா சித்தி?" என்றான். வேணும் என்றேன். பிறகு அச்சுக்கு அனுப்பினான். பணிஞ்சதில்லை என்ற வரியை அவனும் மறுபடி கேட்கவில்லை.

இப்போதெல்லாம் செய்தி சேகரித்து முடித்ததும் எதிரில் இருப்பவரிடம் ஒன்று கேட்கிறேன், இதைப் போட்டால் நாளைக்கு உங்களுக்கு என்ன ஆகும் என்று. சிலர் போடுங்க என்கிறார்கள். சிலர் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வருவதா, அப்படியே உட்கார்ந்திருப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அக்கா.