அமிர்தவர்ஷிணி வாசிக்காத வருஷங்கள்

தறிக்கான பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சி மணந்தாலே காதில் உன் நாயனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. நீ போய்ச் சேர்ந்து மூன்று ஐப்பசி ஆகிவிட்டது, இன்னும் அப்படித்தான்.

தறியில் உட்கார்ந்தவனுக்குப் பருவம் ஏது? எனக்கு நாட்காட்டி நீதான். கோயில் வாசலில் வசந்தா ராகம் வாசித்தாயானால் தறிக்குழிக்குள் எங்கிருந்தோ மாம்பூ மணக்கும். விடியலில் பௌளி கேட்டால் மார்கழி; போர்வையை இழுத்துக்கொள்வேன். ராகத்தின் பெயரைக் கேட்டால், "பேரு எதுக்குபா உனக்கு? குளிருதா, வேர்க்குதா, அத்த மட்டும் சொல்லு" என்பாய்.

தெருவில் பாவு விரித்திருக்கும்போது அமிர்தவர்ஷிணி மட்டும் கூடாது. மழையைக் கூப்பிடும் ராகமாயிற்றே, நம் தெருவின் எழுதாத சட்டம் அது. ஓர் ஐப்பசிக் காலையில் நீ மறந்துபோனாய். என் மகளின் முகூர்த்தப் புடவைக்கான பாவு தெரு நீளத்துக்கு விரிந்திருந்தது. சுருட்டுவதற்குள் மழை கொட்டி, அரக்குச் சாயம் தெருவில் ஓடியது.

"உன்னாலதான்டா! எம்பொண்ணு பொடவ போச்சு!" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். நாயனத்தை வேட்டியில் மூடிக்கொண்டு, "தப்புதாம்பா" என்று நனைந்துகொண்டே நின்றாய். ஐப்பசியில் மழை பெய்யாமல் வேறென்ன செய்யும்? அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

வேறு பாவு போட்டுப் புடவை நெய்தேன். கல்யாணத்துக்கு நீயே வாசித்தாய். பேச்சும் சிரிப்பும் பழையபடி ஆயின. ஆனால் அந்த ராகத்தை நீ அதன்பிறகு எடுக்கவே இல்லை. ஏரி வறண்ட வருஷம் தென்னேரி ஊர்க்காரர்கள் மழைக்காக அதை வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியபோதும் என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மறந்துட்டேம்பா" என்று மழுப்பினாய். 'வாசிப்பா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன், நீ போய்விட்டாய்.

இன்று காலை பாவு தெருவில். வானம் கறுத்துக்கினு இருந்தது என்று உன் பாஷையில்தான் சொல்ல வருகிறது. உன் இடத்தில் இப்போது வாசிக்கும் உன் மகன், நாயனத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பாவு இருக்குது மாமா, இன்னா வாசிக்கட்டும்?"

"அமிர்தவர்ஷிணி வாசிப்பா."

பாவு பிடித்திருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அவன் வாசித்தான். கண்ணை மூடினேன், தென்னேரி நிரம்பித் தளும்பியது, கரையில் நீ நின்றிருந்தாய்.

ஒரு சொட்டு மழை இல்லை. பாவு நன்றாகக் காய்ந்தது. கஞ்சிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் சுமந்திருந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன்பா. கேட்டுச்சா?