டேப் தட்டினால் ஒன்றும் வரவில்லை

இன்று காலை துடியலூர் அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே மைசூர்பாகின் நெய் வாசம். மென்பொருளின் புதிய பதிப்பு எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டதாம். நீங்கள் போன பிறகு மேனேஜர் பிரிக்கும் முதல் பெட்டி. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாயில் வைக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்றும் இதே இனிப்புதான். கட்டளையின் முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினால், மீதியைக் கணினியே நிரப்ப வேண்டும். அதற்கான ஃபைலை நீங்கள் எழுதியிருந்தீர்கள். தானே எழுத்தடித்து, டேப் தட்டி, வந்ததைச் சரிபார்க்கும் நிரல் என்னுடையது. எல்லாம் சரி என்று திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

நீங்கள் மட்டும் ஒரு கையில் இனிப்போடு மறுகையால் டேப்பைத் தட்டிப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க. ஒண்ணுமே வரலீங்க."

"டெஸ்ட் எல்லாம் பாஸுங்களே!"

என் நிரலைத் திறந்து படித்தீர்கள். சரியான விடைகளைக் கையால் எழுதச் சோம்பல்பட்டு, ஒருமுறை ஓடவிட்டு, வந்ததையே விடையாகப் பதிந்திருந்தேன். பதிப்பில் உங்கள் ஃபைலைச் சேர்க்கவே மறந்திருந்தேன்; அதனால் வெறுமையே விடையாகப் பதிந்திருந்தது.

"ஒண்ணும் வராதுன்னு எதிர்பார்த்திருக்கீங்க. ஒண்ணும் வரலீங்க. கரெக்டாத்தானுங்க இருக்குது."

சிரிப்பை அடக்கப் போய் உங்களுக்குப் புரையேறியது. அந்தச் சத்தத்தில் மேனேஜர் வந்துவிட்டார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம்.

"என் ஃபைல்லதான் சார் தப்பு. இவர் டெஸ்ட் நல்லாத்தான் இருக்குது," என்றீர்கள். வாடிக்கையாளரிடம் ஒரு நாள் தவணை கேட்க நேர்ந்த கோபத்தையெல்லாம் அவர் உங்கள் மேல் கொட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்குத் தப்பு என்னோடதுங்க."

"அது அன்னைக்கே தெரியுமுங்க. தெருநாயைக்கூட அந்தம்மா 'தள்ளிப் போங்க'ன்னுதான் சொல்லும். பொய் சொன்னா மட்டும் வாயில 'ங்க' வராது."

"அப்புறம் ஏனுங்க அவங்களத் திட்டுனீங்க?"

"பொய் சொன்னதுக்குத்தானுங்க."

சிரித்துவிட்டேன். இனிப்பையும் தின்றேன். பிறகு இருக்கையில் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'ங்க' இருந்தது, மருத்துவமனைக் கட்டிலில் கடைசியாகச் சொன்னதைத் தவிர.

"எனக்கு ஒண்ணுமில்ல. புதன்கிழமை வந்துருவேன்."

அதை நம்பித்தான் சிரித்த முகமாகக் கையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.