தொட்டிலில் அழுத பிள்ளை

அம்மா,

நான் குழந்தையாக வந்த படத்துக்கு இன்று முப்பது வருஷம். யூட்யூப்காரர்கள் பத்து மணிக்கு வருவார்கள். தொட்டிலில் அழுத பிள்ளை இப்போது என்ன செய்கிறான் என்றுதான் முதலில் கேட்பார்கள். நைட் ஷிப்ட் போகிறான் என்று பொய் சொல்லாதே. வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது.

"ஊரே பாத்து அழுத படம்டா, உனுக்கு இன்னா பேஜாரு?" என்று நேற்று, பேட்டிக்கு உட்கார மாட்டேன் என்றதும் கத்தினாய். மாமல்லபுரம் ஷூட்டிங்கில் நீதான் என்னை அந்தத் தொட்டிலில் போட்டாய். இன்னும் யாரும் இறக்கிவிடவில்லை. அதுதான் பேஜாரு.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் மாத்திரை போடு.

எபி

பி.கு.: செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பேன், போக வேறு இடமில்லை. கேமரா முன்னால் தனியாக உட்காரப் பயமாக இருந்தால் போன் பண்ணு. வந்து பக்கத்தில் உட்காருகிறேன். பேச மாட்டேன்.