பன்னிரண்டு விநாடி

மேடம்,

இன்று மதியம் செல்போனில் இடம் நிறைந்துவிட்டது என்று பழைய குப்பைகளை அழித்துக்கொண்டிருந்தேன். இயந்திரங்களின் படங்கள், பில்கள், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள். நடுவில் உங்கள் குரல் பதிவு ஒன்று. நீளம் பன்னிரண்டு விநாடி. உங்களிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் செய்தி அதுதான். அதை நான் முழுதாகக் கேட்டதே இல்லை.

அழிக்கப் போன விரல் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு மணிச் சங்கு ஊதியது. சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் வெடி வைப்பார்கள். என் அறைக் கண்ணாடி ஒரு தரம் நடுங்கி அடங்கும். சன்னலோரம் நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்டீல் பாட்டில் இன்னும் அங்கேதான் நிற்கிறது. வெடிக்கு எல்லாம் நடுங்கும், அது மட்டும் நடுங்காது. அடியில் ரப்பர் இருப்பதால்தான். எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் மூன்று நர்சுகள் வேலையை விட்டிருந்தார்கள். காரணம் கேட்டால் மூவரும், "ஒண்ணுமில்லைங்க, வூட்டுல கூப்புடுறாங்க" என்றார்கள். மருத்துவமனை முதலாளியான பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மெஷினெல்லாம் நல்லா ஓடுதுப்பா. மனுசங்கதான் ஓடிப் போறாங்க" என்றார். கருவிகளைப் பழுது பார்க்க வந்த இன்ஜினியர் நான். முப்பது வயதில் நிர்வாக மேலாளர் ஆகியிருந்தேன். மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் திருச்சியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார் என்றார். "எனக்கு எதுக்கு சார் டியூஷன்?" என்றேன். "இதுக்குத்தான்" என்றார்.

பெரம்பலூரில் இறங்கி, அரியலூர் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்ததில் உங்கள் புடவைத் தோளில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"ஒக்காரலாமா தம்பி, இல்ல நின்னுக்கிட்டேதான் திட்டு வாங்கணுமா?"

உட்காரச் சொன்னேன். ஏதோ தாளில் கையெழுத்துப் போட உங்களிடமே பேனா கேட்டேன்.

"மேனேஜருக்குப் பேனா இல்லையா?"

"எல்லாம் டேப்லெட்லதாங்க மேடம். கையெழுத்துக்கு மட்டும் யாருகிட்டயாவது வாங்கிக்குவேன்."

"அப்ப யாருகிட்டயாவது வாங்கிக்கங்க. இதுக்கு வேற வேல இருக்கு."

அந்த வேலை என்னவென்று அடுத்த முறை தெரிந்தது. காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கேள்வி கேட்டு முடித்ததும் பேனாவால் பாட்டிலில் தட்டினீர்கள். டக், டக். மெதுவாக, விநாடிக்கு ஒன்று. கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்திச் சொன்னீர்கள். "எந்தக் கேள்விக்கும் நீங்க மூணாவது தட்டுக்கு மேல காத்திருக்கல. மூணுல நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அப்பறம் எதுக்கு அவங்கள கூப்பிட்டு ஒக்கார வச்சீங்க?"

"எல்லாருக்கும் வேலை இருக்குங்க மேடம்."

"பயந்தவங்க வாயத் தொறக்கப் பன்னெண்டு விநாடி ஆவும்."

"எந்த ஆராய்ச்சியில சொல்லியிருக்கு?"

"என் ஆராய்ச்சி. ஒரே ஒரு கேஸு."

நான் சிரித்தேன். ஒரு கேஸை வைத்துக்கொண்டு முடிவு சொன்னால் எந்தக் கல்லூரியிலும் பாஸ் போடமாட்டார்கள் என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் கவனித்தீர்கள். அது உங்கள் வழக்கம். பேச்சு நடக்கும்போதே வேறு எதையோ கேட்பது போல ஒரு சாய்ப்பு. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். சுவர்தான்.

அந்த ஒரு கேஸ் என்னவென்று சொல்ல உங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. பயிற்சியாளர் ஆவதற்கு முன் நீங்கள் வார்டு பொறுப்பாளராக இருந்தீர்கள். ஒரு மதியம், வேலை மாறும் நேரம், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டீர்கள். அவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் போன் அடித்தது, நீங்கள் திரும்பிவிட்டீர்கள். "ஒண்ணுமில்லைங்கக்கா" என்று அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறாம் நம்பர் படுக்கைக்காரருக்கு மருந்து மாறிப் போயிருந்தது. மாலைக்குள் அவர் உயிர் போய்விட்டது.

"அவ மூச்ச இழுத்தது என் காதுல விழுந்துச்சு தம்பி. விழுந்தும் திரும்பிட்டேன். அது இன்னும் வருது. எந்த ரூம்ல ஒக்காந்தாலும் வருது. யாரோ பேச வர்ற மாதிரி இழுக்கும். அப்பறம் பேசாது."

காது டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். உண்மையாகவே அக்கறையில்தான் கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பிறகு வருவதை நிறுத்தினீர்கள். உடம்பு கொஞ்சம் சரியில்லை, போனில் பேசுவோம் என்றீர்கள். இரண்டு முறை பேசினோம். ஒரு நாள் சாயங்காலம் இந்தப் பதிவு வந்தது. நான் புதிய ஸ்கேன் இயந்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்று விநாடி கேட்டேன். பேச்சு இல்லை. "ஒண்ணும் கேக்கலைங்க மேடம். டைப் பண்ணி அனுப்புங்க" என்று போட்டேன். நீங்கள் படித்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மூன்று நாள் கழித்துப் பெரிய டாக்டர் சொல்லித்தான், நீங்கள் இல்லை என்பதும், நாள் குறைவு என்று அரை வருடமாகவே உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் போய் ஒரு மாதம் இருக்கும். ஒன்பது மணிக் கூட்டம். பூலாம்பாடியிலிருந்து எடை குறைந்த பச்சைக் குழந்தை ஒன்று ஆம்புலன்சில் வந்துகொண்டிருந்தது. வார்மர் எது காலி என்று கேட்டேன். பிறந்த குழந்தைகளைக் கிடத்திச் சூடு கொடுக்கும் மேசைகள், எங்களிடம் நான்கு இருந்தன. "மூணாம் நம்பர் சார்" என்றார் மூத்த சிஸ்டர். முந்தின நாள் நானே சரிபார்த்துக் கையெழுத்திட்ட சீட்டு அதில் தொங்கியது. "சரி, வேற யாராவது எதாவது சொல்லணுமா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

டக்.

மூலையிலிருந்து வந்தது. ஸ்டீலில் பேனா படுகிற சத்தம். மூலை நாற்காலி காலி. சுரங்கத்தில் வெடிக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. டக். மேலே ஏசியைப் பார்த்தேன், சொட்டவில்லை. டக். பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். மூன்றைத் தாண்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஏழு. எட்டு. யாரும் அசையவில்லை. பதினொன்றில் யாரோ மூச்சை இழுத்தது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"சார்... அந்த மூணாம் நம்பர்..."

செல்வி. தா.பழூர்ப் பெண், சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரி வேலை முடிந்து, தோளில் பையோடு, வீட்டுக்குக் கிளம்பும் கோலத்தில் கதவோரம் நின்றாள்.

"மூணாம் நம்பருக்கு என்ன?"

"டிஸ்ப்ளேல சரியாத்தான் காட்டுது சார். ஆனா அதுல கெடந்த கொழந்த ஒடம்பு கொதிச்சுது, செவந்து போச்சு. விடியக்காலை நாலாம் நம்பருக்கு மாத்திட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சார் கையெழுத்துப் போட்டுருந்துச்சு. நான் போயி அது தப்புன்னு எப்புடி சார்..."

ஓடினேன். தனி வெப்பமானி வைத்துப் பார்த்தேன். குழந்தையின் தோலில் ஒட்டும் சென்சார் உடைந்திருந்ததால் கிடங்கிலிருந்து வேறு கம்பெனி சென்சாரை நான்தான் மாட்டியிருந்தேன். முனை பொருந்தியது, அளவு பொருந்தவில்லை. உண்மைச் சூட்டைவிடக் குறைவாகக் காட்டியது. இயந்திரமோ குழந்தைக்குக் குளிர்கிறது என்று நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. இன்ஜினியரிங் முதல் வருடப் பையன் செய்யாத தப்பு. செல்வி பஸ் ஏறியிருந்தால், பூலாம்பாடிக் குழந்தையை என் கையெழுத்தை நம்பி அதில் கிடத்தியிருப்போம்.

"சார் கையெழுத்துக்கே காய்ச்சல் வந்துருச்சு" என்றார் மூத்த சிஸ்டர். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சீட்டைக் கிழித்தேன். எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்றேன். பூலாம்பாடிக் குழந்தையை ஒன்றாம் நம்பரில் கிடத்தினோம். பதினெட்டாம் நாள் அதன் அம்மா துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் செல்வியைத் தனியாகக் கேட்டேன்.

"நேத்து கூட்டத்துல தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே சார். நீங்கதான பேனாவால தட்டிக்கிட்டு இருந்தீங்க? அவரு காத்திருக்காரு, சொல்லிருவோம்னுதான் சொன்னேன்."

என்னிடம் ஏது பேனா? உங்களுக்குத் தெரியும். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் ஏசி, குழாய், மேற்கூரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். எதுவும் தளர்ந்திருக்கவில்லை. எனக்கு விளக்கம் இல்லாமல் இருக்கப் பிடிக்காது. இதற்கு இல்லை.

இன்று ஹெட்போன் மாட்டி, உங்கள் பதிவை முழுதாகக் கேட்டேன். மின்விசிறி. தூரத்தில் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம். ஒன்பது, பத்து. பதினொன்றில் மூச்சை இழுக்கிற சத்தம். பன்னிரண்டில் பதிவு முடிந்துவிட்டது.

இதுநாள்வரை அதைக் கை தவறி அனுப்பியது என்றோ, எனக்கு வைத்த இன்னொரு பரீட்சை என்றோ நினைத்திருந்தேன். அப்படியில்லை. பயந்தவங்களுக்குப் பன்னிரண்டு விநாடி ஆகும் என்றது நீங்கள்தானே. நீங்கள் என்னிடம் எதையோ சொல்ல வந்தீர்கள். மூச்சை இழுத்துவிட்டு, முடியாமல் விரலை எடுத்துவிட்டீர்கள். நான் டைப் பண்ணச் சொன்னேன்.

அல்லது அந்த மூச்சு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஒலியைக் கூட்டி ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். வேலைக்குப் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண்ணின் மூச்சு போலவும் இருக்கிறது.

பதிவை அழிக்கவில்லை. முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல், வெடி வெடித்துக் கண்ணாடி அடங்குகிற வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை.

நாளைக்கும் ஒன்பது மணிக்குக் கூட்டம் உண்டு. கேள்வியைக் கேட்பேன், வாயை மூடிக்கொள்வேன். எண்ணுகிற வேலை என்னுடையதில்லை. மூலையிலிருந்து அது தானாக வருகிறது. செல்வி போன மாதம் என் பிறந்த நாளுக்கு ஒரு பேனா வாங்கி வந்தாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. என்ன செய்ய? பேனா கையில் இருந்தால், தட்டுவது நான்தான் என்று ஆகிவிடும்.