வலது கால் கியர்

ஞாயிறு இரவு.

பூந்தமல்லி ஷோரூமில் நடந்ததை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய இங்கிலாந்து பைக் ஒன்றை அதே டேங்க், அதே தடதடப்போடு புதிதாக விட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் ஆசை. ஆவடியிலிருந்து என் பழைய புல்லட்டை நான்தான் ஓட்டிப்போனேன், என் வீட்டுக்காரர், இவர், பின்னால் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகும் விற்பனையாள் சாவியை இவரிடம் நீட்டினான். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாத மனிதர்.

சாவியை நான் வாங்கிப் புதியதை ஓட்டிப் பார்த்தேன். என் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதியதில் நேர்மாறு. கியர் என்று நினைத்து மிதித்தேன். பிரேக் விழுந்து வண்டி நின்றுவிட்டது.

"லேடீஸுக்கு இதெல்லாம் கஷ்டம் சார்," என்றான் இவரிடம்.

பிறகு, வழியை மறிக்கிறது என்று என் புல்லட்டை அவனே எடுத்தான். நிறுத்துவதற்காக வலது காலை மிதித்தான். கியர்தான் மாறியது. நேராகப் போய்ப் பூந்தொட்டியில் இடித்தான்.

"பழைய வண்டி சார், பிரேக்கே புடிக்கல."

நான் மாற்றி மிதித்தால் பெண் என்பதால். அவன் மாற்றி மிதித்தால் வண்டி பழசு என்பதால்.

இரண்டுக்கும் இவர் தலையாட்டினார். இப்போது பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். நாளை ஆபீஸுக்கு என் புல்லட்டில் இடமில்லை, பஸ்ஸில் போகட்டும்.