நம் வண்டி நிற்கும் தூரம்

முதலில் ஒரு திருத்தம். எழுபத்து மூன்று வயதில் நான் நம் பழைய காரை ரேஸ் வண்டியாக மாற்றிவிட்டேன் என்று மத்திகிரியில் நம் தெரு முழுக்கப் பேச்சு. அது உண்மையில்லை. எதிர்வீட்டு அம்மாள் நேற்று கேட்டருகே நிறுத்தி, "ஏம்மா, இனிமே பறக்கத்தான் போறீங்களா?" என்று கேட்டாள். "பறக்கறதுக்கு இல்லம்மா, நிக்கறதுக்கு வேலை பார்த்திருக்கேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் புது டயரின் வாசம் வந்தது. ஓசூர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் நீங்கள் இருந்தவரை, மாலையில் உங்கள் சட்டையில் இருந்ததும் ரப்பர் வாசம்தான். நான் அதைத் தனியாக ஊறவைப்பேன். நீங்கள் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஷெட்டைச் சாத்தினேன்.

இந்தக் காரை வாங்கிய புதிதில் உங்களுக்கு இருந்த பெருமை எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. "நாலு சிலிண்டர்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வீர்கள். நான்கு பேர் உட்கார்ந்து போகும் சாதாரணக் குடும்பக் கார் அது. வண்டிக்குப் பத்து வயது ஆனபோது, சூளகிரி தாண்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று உங்களுக்கு மனக்குறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அகலமான புகைக்குழாய், திறந்த வகை ஏர் ஃபில்டர், அகல டயர் மூன்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். அன்றைக்கே கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டோம். ஏற்றத்தில் ஒரு பால் வண்டி நம்மைத் தாண்டிப் போனது.

"என்னங்க, சத்தம் முன்னாடி போயிடுச்சு. நாமதான் பின்னாடி வர்றோம்."

கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்தினீர்கள். டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மூணையும் ஒண்ணாப் போட்டேன். எது கெடுத்துச்சுன்னு இப்ப எப்படிச் சொல்றது?" என்றீர்கள். தொழிற்சாலையில் ஒரு சோதனைக்குள் இரண்டு பொருளை மாற்றியவரை நீங்கள் சும்மா விட்டதில்லை. சொந்தக் கார் என்றதும் உங்களுக்கே அது மறந்துபோயிற்று.

பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒன்றொன்றாக ஆரம்பித்தோம். அதே ஏற்றம், அதே காலை நேரம், அரை டேங்க் பெட்ரோல், நாம் இரண்டே பேர். புளியமரத்திலிருந்து மைல்கல் வரை என் கைக்கடிகாரத்தில் விநாடிகளைக் குறித்தேன். கான்வென்ட் கையெழுத்து என்று கேலி செய்தாலும், நான் எழுதிய எண்ணை நீங்கள் மறுபடி சரிபார்த்ததே இல்லை. புகைக்குழாய் சத்தம் மட்டும் கொடுத்தது. திறந்த ஃபில்டர் சூடான காற்றை உறிஞ்சிக்கொண்டு வண்டியை இன்னும் மந்தமாக்கியது. அகல டயர் ஸ்டியரிங்கைக் கனமாக்கியது. கடைசியில் புது பிளக்கும், கம்பெனி வகையிலேயே சுத்தமான ஒரு ஃபில்டரும், டயரில் சரியான காற்றும்தான் வண்டியை மேலே ஏற்றின. "முதல்ல அது தொலைச்சதைத் திருப்பிக் கொடுப்போம்" என்றீர்கள். அதன் பிறகு அந்த ஏற்றத்தில் நீங்கள் குறை சொன்னதில்லை.

இந்த ஆண்டு பொங்கலுக்கு வந்த நம் முரளி காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, பெரிய சக்கரம் போட பெங்களூரில் ஆள் இருக்கிறார்களாம். "அப்பா ஆசைப்பட்டதும்மா. நான் செஞ்சு தர்றேன். இல்லேன்னா வித்துடுங்க, நீங்க ஓட்டறது எனக்குப் பயமா இருக்கு." ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். அவனைக் கோபிக்க முடியவில்லை. உங்களை எதிலாவது தொட்டுப் பார்க்க அவனுக்கும் ஒரு வழி வேண்டியிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு விஷயத்தை அவனிடம் அப்போது சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேன்கனிக்கோட்டையில் இருக்கும் உங்கள் அக்காவைப் பார்க்கப் போகிறேன். பஸ் படி ஏற என் முழங்கால் இடம் கொடுப்பதில்லை. அக்காவுக்குக் கண் சரியில்லை. அந்த வாரத்துப் பத்திரிகைகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். பொங்கலுக்கு முந்தைய வெள்ளி, மதியம் திரும்பி வரும்போது, முன்னால் போன ஸ்கூட்டர் ஒரு மாட்டுக்காகச் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், ஸ்கூட்டருக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், அவள் பின்னால் ஒரு குழந்தை. அவள் இறங்கி வந்து சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாத்து வாங்கம்மா, கொழந்த இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முரளி ஊருக்குத் திரும்பிய மறுநாளே நம் மெக்கானிக் நஞ்சுண்டனிடம் போனேன். நடந்ததைச் சொல்லாமல், பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன். டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "ஏழு வருஷமாச்சும்மா, கல்லாப் போச்சு. இந்த வண்டிக்கு ஓடத் தெரியும். நிக்கத்தான் மறந்துடுச்சு" என்றார். எல்லாவற்றையும் அன்றே மாற்றித் தருவதாகச் சொன்னார். ஒன்றொன்றாகத்தான் என்றேன். "சார் மாதிரியே பேசறீங்க" என்று முணுமுணுத்தார்.

சூளகிரிப் பக்கம் புதுத் தொழிற்பேட்டையில் சாலை போட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் இன்னும் வரவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே போனோம். நாற்பது வேகத்தில் வந்து, ஒரு கல்லருகே பிரேக் மிதிப்பேன். நஞ்சுண்டன் இறங்கி, கல்லிலிருந்து வண்டி நின்ற இடம் வரை நடந்து, ஒந்து, எரடு, மூறு என்று கன்னடத்தில் தப்படி எண்ணுவார். வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஏதோ தொலைந்துவிட்டது என்று அவரும் வந்து தரையில் தேடினார்.

பழைய டயரில் பதினேழு தப்படி. கார் வந்தபோது இருந்த அளவிலேயே புது டயர் போட்டதும் பதின்மூன்று. புது பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றியதும் பதினொன்று. ஷாக் அப்சார்பருக்கும் அதே பதினொன்றுதான். ஆனால் வண்டி மூக்கைத் தாழ்த்தாமல் கோடு போட்டதுபோல் நின்றது. முரளி சொன்னவற்றில் எதையும் செய்யவில்லை. உங்கள் ஆசையை மதிக்காமல் இல்லை. எனக்கு இன்னும் வேகம் தேவைப்படவில்லை.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோதிக்காத ஒரு பாகம் மீதி இருந்தது. அது நான்.

நான்காம் ஞாயிறு, கல்லைப் பார்த்து மிதிக்காமல், பக்கத்தில் இருப்பவர் கையைத் தட்டியதும் மிதிப்பது என்று முடிவு செய்தோம். நஞ்சுண்டன் ஓட்டி நான் கை தட்டியபோது பதினெட்டு தப்படி. நான் ஓட்டி அவர் தட்டியபோது இருபத்திரண்டு. அவர் இருபது என்று சொல்லிப் பார்த்தார். "நஞ்சுண்டா, நானும் கன்னடத்தில எண்ணுவேன்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மூன்று முறை செய்தோம். மாறவில்லை.

நான்கு தப்படி. புது டயர் மீட்டுக் கொடுத்த அதே நான்கை என் கால் எடுத்துக்கொண்டது.  நீங்கள் இருந்தால் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டீர்கள். "சரி, இப்ப என்ன மாத்தலாம்?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. அதனால் நான்காவது மாற்றத்தையும் செய்தேன்: முப்பது வேகம். முப்பதில் கை தட்டி நின்றபோது பதினைந்து.

கல்யாணமான நாளிலிருந்து தெரிந்தே ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்ததில்லை. உங்களிடம் சொல்லிவிட்டு நம் மகனிடம் மறைப்பது சரியாகாது. ஆகவே இந்த மடலின் நகலை அவனுக்கு அனுப்புகிறேன். இனி வருவது அவனுக்கு.

முரளி, ஸ்கூட்டர் விஷயத்தை உன்னிடம் மறைத்தது என் தவறு. நான் ஓட்ட விரும்புவது வெள்ளிக்கிழமை மட்டும், பகலில் மட்டும், தேன்கனிக்கோட்டை சாலையில் மட்டும், முப்பதுக்கு மேல் போகாமல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தொழிற்பேட்டைச் சாலையில் தப்படி எண்ணுவோம்; எண்ணுவது நீ. பதினைந்தைத் தாண்டினால் அன்றே சாவி உன்னிடம். இதற்கும் நீ வேண்டாம் என்றால் இப்போதே கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் உன் அத்தையை நீ வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வாசித்துக் காட்ட வேண்டும். உன் பதில் வரும்வரை வண்டி ஷெட்டில்தான் இருக்கும். ஃபோனில் பேசினால் நாம் இருவரும் குரலை உயர்த்துவோம். சம்மதமா இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்பு.